எள்ளுத்தாத்தாவின் அப்பா எழுதிய உயில்: அயர்லாந்து நிலத்தில் எங்களுக்குப் பங்கு உண்டா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

திருச்சி பொன்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அப்பா, தாத்தா இருவரும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அப்பா வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய மூதாதை, அயர்லாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படைக்கு வந்து 1841-ல் திருச்சியில் இறந்தவர். அவர் 1838-ல் எழுதிய உயிலின் கைப்பிரதி ஒன்று, குடும்ப பைபிளுக்குள் மடித்து வைத்தபடி கிடைத்திருக்கிறது. சம்பள பாக்கியும் பாக்கெட் கடிகாரமும் மகனுக்கும் மகளுக்கும். பிள்ளைகளின் தாய்க்கு மாதாமாதம் ஒரு தொகை. "கார்க் கவுண்டியில் கான்டர்க் அருகே என் காலஞ்சென்ற தகப்பனாரின் குத்தகை நிலத்தில் எனக்குள்ள பங்கு" மகனுக்கு. கான்டர்க்கில் பீப்பாய் செய்யும் தொழிலில் இருந்த அண்ணன்தான் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களில் ஒருவர்.

இதைக் கேள்விப்பட்ட யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டு, அந்த நிலத்தையும் பேரனுக்கு அயர்லாந்து பாஸ்போர்ட்டையும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். "1922-ல் அயர்லாந்து ஆவணங்கள் எல்லாமே எரிந்துவிட்டதாமே, எங்களிடம் ஆள் இருப்பதால்தான் முடியும்" என்பது அவர் வாதம். பேரன் ஆர்வமாக இருக்கிறான். ஆசிரியையின் அண்ணன் மட்டும் "பழையதைக் கிளறாதே" என்கிறார். உயிலில் பிள்ளைகளின் தாய்க்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருக்கிறது, மனைவி என்ற சொல் எங்கும் இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அன்புள்ள அம்மா,

நேராகவே சொல்லிவிடுகிறேன். நிலம் கிடைக்காது. பேரனுக்கு இந்த வழியில் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. அந்த ஒன்றரை லட்சத்தை அனுப்பாதீர்கள். ஆனால் உங்கள் மூதாதையின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அயர்லாந்து வேரைத் தேடும் பெரும்பாலானவர்களுக்கு நாட்டின் பெயரைத் தவிர வேறு எதுவும் கையில் இருக்காது. உங்களிடம் ஊர்ப் பெயர், மூதாதையின் அண்ணன் பெயர், அவர் தொழில், அவர்களின் அப்பா குத்தகைதாரர் என்ற தகவல், அவர் 1838-க்கு முன்பே இறந்துவிட்டார் என்ற தகவல், இத்தனையும் ஒரே தாளில் இருக்கின்றன.

எரிந்தது எது, தப்பியது எது

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் மிகப் பெரும்பகுதி, அயர்லாந்து திருச்சபையின் (ஆங்கிலிகன் பிரிவு, அன்றைய அரசுத் திருச்சபை) பதிவேடுகளில் பாதிக்கு மேல், அசல் உயில்களில் ஏறக்குறைய அனைத்தும் போயின. 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளையும் தீதான் தின்றது என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. ஒரு பகுதி முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போனது. முழுதாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லவே இல்லை. அவை அந்தந்தக் கோயிலில் இருந்தன. அவற்றின் நுண்படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெரும்பாலும் 1880 வரை. ஒரு குறை: பல ஊர்களில் பதிவேடுகள் 1820-களில்தான் தொடங்குகின்றன. உங்கள் மூதாதை 1800-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்றால் அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்காமல் போகலாம். அண்ணன் பிள்ளைகளின் பதிவு கிடைக்கலாம்.

உயில்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1858-க்கு முன்பு அயர்லாந்தில் உயில்களை நிரூபித்தவை அயர்லாந்து திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றங்கள். கத்தோலிக்கர் உயிலும் அங்கேதான் போக வேண்டும். இரண்டாவது மறைமாவட்டத்திலும் ஐந்து பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் அர்மா பேராயரின் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அசல்கள் எரிந்தாலும் அட்டவணைகள் பெரும்பாலும் தப்பின: பெயர், ஊர், ஆண்டு, சில இடங்களில் தொழில். கான்டர்க் வட்டாரம் க்ளாய்ன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, ஆகவே உங்களுக்கான அட்டவணை அதுதான். ஒரே வரி கிடைத்தாலும் அப்பா இறந்த காலம் ஓரளவு பிடிபடும். ஆனால் சிறு குத்தகைதாரர்கள் பலர் உயிலே எழுதியதில்லை. அட்டவணையில் பெயர் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

1858 முதல் நிலைமை வேறு. சிவில் நீதிமன்றம் வந்தது. டப்ளினில் தலைமைப் பதிவகம், வெளியே பதினொரு மாவட்டப் பதிவகங்கள். மாவட்டப் பதிவகங்கள் ஒவ்வொரு உயிலையும் தங்கள் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அசலை டப்ளினுக்கு அனுப்பின. அந்தப் பிரதிகள் தப்பிவிட்டன. கார்க் ஒரு மாவட்டப் பதிவகம். ஆகவே பீப்பாய் செய்த அண்ணனோ அவர் பிள்ளைகளோ 1858-க்குப் பிறகு இறந்து உயில் வைத்திருந்தால், முழு வாசகமும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அதோடு, ஆண்டுவாரியாக அச்சிட்ட புரோபேட் (உயிலை நீதிமன்றம் உறுதிசெய்யும் ஆணை) பட்டியல்களும் இருக்கின்றன. இறந்தவர் பெயர், முகவரி, தொழில், இறந்த நாள், புரோபேட் வாங்கியவர், சொத்து மதிப்பு எல்லாம் அதில் வரும். "இந்தியாவுக்குப் போன என் தம்பியின் பிள்ளைகள்" என்று ஒரு வரி அந்த உயிலில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தேடலை மதராஸ் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள்

கடிதத்தைப் படித்ததில் எனக்குத் தோன்றிய முதல் விஷயம், நீங்கள் எல்லோரும் டப்ளினையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது. உங்கள் மூதாதை பற்றிய நல்ல ஆவணங்கள் டப்ளினில் இருந்ததே இல்லை. கம்பெனி தன் சிப்பாய்களை லண்டனுக்குக் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கு இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கிறது. மதராஸ் படையின் ஐரோப்பிய வீரர்கள் பதிவேட்டில், ஒருவர் எந்தக் கவுண்டியிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்தவர், எந்தக் கப்பலில் எப்போது வந்தார் என்ற குறிப்புகள் உண்டு. படையில் சேர்த்தபோது எழுதிய பட்டியல்களில் வயதும் பிறந்த ஊரும் அங்க அடையாளமும்கூட இருக்கும். மதராஸ் மாகாணத்தின் திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகிய பதிவுகளின் நகல்களும் அங்கே தனி வரிசையாக உள்ளன. இங்கே நிரூபிக்கப்பட்ட உயில்களின் நகல்களும் லண்டனுக்குப் போயின. இவற்றில் பல ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற சந்தா இணையதளத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தேடுதளம் இலவசம்; அதில் தொடங்குங்கள்.

இங்கே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அவர் கம்பெனிப் படையில்தான் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? உயிலில் "மதராஸ் பீரங்கிப் படை" என்றே எழுதியிருந்தால் சரி. குடும்பத்தில் வாய்வழியாக வந்த தகவல் என்றால் சந்தேகம் வேண்டும். திருச்சியில் அரசரின் படைப்பிரிவுகளும் தங்கியிருந்தன. அவர்களின் ஆவணம் லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பணியில் இறந்தவர் பற்றிய அறிக்கையில் பிறந்த ஊரும் நெருங்கிய உறவும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருடக்கணக்கில் தவறான அலமாரியைத் துழாவியவர்களை எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் மற்ற ஆங்கிலோ இந்திய வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: கம்பெனி அயர்லாந்தில் ஏராளமாக ஆள் சேர்த்தது. மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு 1862-ல் அரசியின் படையோடு இணைந்து, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. இங்கே வளர்ந்த பட்டாளத்துக்குக் கடைசியில் கில்டேர் கவுண்டியின் நாஸ் ஊரில் தலைமையிடம்! உங்கள் குடும்பத்தில் "டப்ளின்" என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தால், அது பிறந்த ஊரா, படையின் பெயரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது கைப்பிரதி. அது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. கடைசிப் பக்கத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். முத்திரை, பதிவாளர் கையொப்பம், ஆண்டு ஏதாவது இருக்கிறதா? இருந்தால், 1801-ல் தொடங்கிய மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் உயில் பதிவுகளில் தேட வேண்டும். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். சிப்பாய் இறந்தால் அவர் உடைமைகளைப் படைப்பிரிவே ஏலம் விட்டு, கடனைக் கழித்து, மீதியை உரியவருக்குக் கொடுத்துக் கணக்கை முடிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் பணம் யார் கைக்குப் போனது என்று இருந்தால் அது உயிலுக்கு நிகரான தகவல்.

"பிரபு வம்சம் என்று பாட்டி சொல்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டி சொன்னதை மறுக்க எனக்கும் மனமில்லை. ஆனால் பெரிய வீட்டுப் பிள்ளை சிபாரிசோடு கேடட்டாக, அதிகாரியாக வருவார். சாதாரண பீரங்கி வீரர், குத்தகைதாரர் மகன், பீப்பாய்க்காரர் தம்பி. கார்க் வெண்ணெய் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர், வெண்ணெய் போனது மரப்பீப்பாயில். அந்த வட்டாரத்தில் இது மரியாதையான, பிழைப்புள்ள தொழில்.

கான்டர்க்கில் எதைத் தேடுவது

முதலில் 1823-க்கும் 1837-க்கும் இடையே எழுதப்பட்ட தசமபாக வரிப் பதிவேடு. அப்பா உயிரோடு இருந்திருந்தால் நிலத்தை வைத்திருந்தவராக அவர் பெயர் வரலாம். அடுத்தது 1847 முதல் 1864 வரை நாடு முழுவதும் நடந்த கிரிஃபித் மதிப்பீடு. வீடு வீடாக, வயல் வயலாக யார் குடியிருந்தார், யாருக்கு வாடகை கொடுத்தார் என்ற பட்டியல், வரைபடத்தோடு. இரண்டுமே இலவசம். இரண்டுக்கும் நடுவில் பெரும் பஞ்சம் இருப்பதை மறந்துவிடாதீர்கள். முதலாவதில் இருந்த குடும்பம் இரண்டாவதில் காணாமல் போனால், செத்திருக்கலாம், வெளியேற்றப்பட்டிருக்கலாம், கப்பல் ஏறியிருக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் பைலட் என்ற பத்திரிகை 1831 முதல் காணாமல் போன அயர்லாந்து உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டு வந்தது. அங்கேயும் குடும்பப் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, டப்ளினில் 1708 முதல் இயங்கும் பத்திரப் பதிவகம். அது எரியவில்லை. கத்தோலிக்கர் கைக்கு நிலம் போகாமல் காவல் காக்கவே அதைத் தொடங்கினார்கள். 1704 சட்டப்படி அவர்கள் 31 ஆண்டுக்கு மேல் குத்தகை எடுக்கவே முடியாது. 1778-க்குப் பிறகுதான் தளர்த்தினார்கள். அந்தக் காலத்து நீண்ட குத்தகை பல நேரம் "மூன்று உயிர்கள்" கணக்கில் இருக்கும்: பத்திரத்தில் பெயர் சொன்ன மூவரில் கடைசி ஆள் இறக்கும்வரை குத்தகை செல்லும். விவசாயி பெரும்பாலும் தன் சின்னப் பிள்ளைகளின் பெயரைத்தான் கொடுப்பார், சில சமயம் வயதோடு. அப்படி ஒரு பத்திரம் பதிவாகியிருந்தால் உங்கள் மூதாதையின் பெயரே அதில் இருக்கலாம். சிறு குத்தகைகள் பல பதிவாகவில்லை என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஒரு எச்சரிக்கை. உங்கள் குடும்பப் பெயருக்கு முன்னால் உள்ள "ஓ" சில பதிவில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கார்க் பக்கம் டார்பி என்று கூப்பிடப்பட்டவரே காகிதத்தில் ஜெரமையா ஆகியிருப்பார். தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். பெயர் ஒத்துப்போனதும் குதிக்காதீர்கள். தொழிலும் அண்ணன் பெயரும் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும்.

நிலத்தில் பங்கு, அப்புறம் அந்த முன்பணம்

உங்கள் மூதாதை மகனுக்கு எழுதிக் கொடுத்தது நிலத்தை அல்ல, குத்தகையில் தனக்கிருந்த பங்கை. அந்தக் குத்தகை உயிர்க் கணக்கோ ஆண்டுக் கணக்கோ, எப்போதோ முடிந்துவிட்டது. பிறகு வந்த நிலச் சட்டங்கள், குறிப்பாக 1903-ல் வந்தது, நிலத்தில் அப்போது உழுதுகொண்டிருந்த குத்தகைதாரருக்கே அதை விலைக்கு மாற்றிக் கொடுத்தன. சொந்த நிலமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அயர்லாந்தின் 1957 காலவரம்புச் சட்டப்படி பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டு எதிர்அனுபவம் (வேறொருவர் தன் நிலம்போல அனுபவிப்பது) போதும், பழைய உரிமை போய்விடும். இங்கே 180 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

வாரிசைத் தேடும் நேர்மையான நிறுவனங்கள் உண்டு. அவர்கள் அண்மையில் இறந்தவரின் சொத்துக்குத்தான் ஆள் தேடுவார்கள். பணம் கிடைத்தபின் அதில் பங்கு கேட்பார்கள். முன்பணம் கேட்கிறவரிடம் இறந்தவர் பெயர், இறந்த நாள், புரோபேட் எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. ஆதார், பான், பாஸ்போர்ட் நகல் எதையும் அனுப்பாதீர்கள்; பவர் பத்திரத்தில் கையெழுத்து போடவே போடாதீர்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் உடனே 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

பேரனின் பாஸ்போர்ட்

அயர்லாந்துத் தீவில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக் குடிமகன் ஆகலாம். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், நடுவில் உள்ள பெற்றோர் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தாலும் போச்சு. உங்கள் பேரனுக்கு இவர் ஏழு தலைமுறை மேலே. பேரனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அயர்லாந்தில் படிக்க, வேலை பார்க்க ஆசை என்றால் மாணவர் விசா, வேலை அனுமதி என்று எல்லோருக்கும் உள்ள வழி இருக்கிறது.

உங்கள் அண்ணனின் தயக்கம்

அண்ணன் என்ன நினைத்துத் தயங்குகிறார் என்று புரிகிறது. திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளைகள் என்று தெரிய வந்தால் குடும்பத்துக்கு இழுக்கு என்ற எண்ணம். இரண்டு விஷயம் சொல்கிறேன். பதிவு இல்லை என்பதால் திருமணமே நடக்கவில்லை என்று ஆகாது. கத்தோலிக்கக் குருக்கள் நடத்திய பழைய திருமணங்கள் பல, கம்பெனியின் லண்டன் நகல்களில் ஏறவே இல்லை. திருச்சியின் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமாகலாம், விடாதீர்கள்.

அடுத்தது, திருமணம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில், உயில் இல்லாமல் அவர் இறந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காசு போயிருக்காது, எல்லாம் கான்டர்க்குக்குத்தான். அந்தப் பெண்ணுக்கும் ஒன்றுமில்லை. அது தெரிந்துதான் மூன்று பேர் பெயரையும் சொல்லி எழுதியிருக்கிறார் என்று நான் படிக்கிறேன். பொறுப்பைத் தட்டிக்கழித்த ஆள் இப்படி எழுத மாட்டார். இதை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பெண்மணி யார் என்று தேடுவதும் உங்கள் தேடலில் பாதி. அவர் இந்த ஊர்க்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மகன், மகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயரைக் குறித்து வையுங்கள். தாய் வழி உறவு பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.

மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக 3 சதவீதம், பேரனுக்கு 1 சதவீதம்கூட இல்லை. செய்வதானால் உங்கள் அண்ணனுக்குச் செய்வதுதான் பயன், ஏனென்றால் ஆண் வழி ஒய் குரோமோசோம் அவரிடம்தான் இருக்கிறது. அவர் மனமுவந்து சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். எதிர்பாராத உறவுகளும் வெளிவரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அந்தக் கைப்பிரதியைப் பேரன் லேமினேட் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அது தாளைக் கெடுத்துவிடும். இரு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டு, அமிலமில்லாத உறையில் மடிக்காமல் வையுங்கள். பின்பக்கப் படத்தை எனக்கும் அனுப்புங்கள். முத்திரை இருந்தால் எந்த நீதிமன்றம் என்று பார்த்துச் சொல்கிறேன்.